கடலூரை விட்டு நீலகிரிக்கு வந்தால் புயலிலிருந்து தப்பலாமா?

21 அக்டோபர் 2025: கடலூர் வாசகரின் கேள்வி

தானே புயலில் எங்கள் வீட்டுக் கூரை போனது. அதற்கப்புறம் நிவர், ஃபெஞ்சல் என்று ஒவ்வொரு ஐப்பசி, கார்த்திகையும் ஒரு பெயரோடு வருகிறது. அப்பாவுக்கு வயதாகிவிட்டது. சாமான்களைப் பரணில் ஏற்றி இறக்கி மாளவில்லை. கோத்தகிரி, குன்னூர் பக்கம் ஐந்து சென்ட் வாங்கி வீடு கட்டிக்கொண்டு போய்விடலாம் என்று பேசிக்கொண்டிருக்கிறோம். மலைமேல் எந்தப் புயல் ஏறி வரப்போகிறது? அங்கே இருப்பவர்கள் சொல்லுங்கள்.

21 அக்டோபர், இரவு

மலைக்கும் வரும் தம்பி. காற்றாக வருவது குறைவு, மழையாக வரும்.

கரையேறியதும் புயலுக்குச் சூடான கடல்நீரிலிருந்து கிடைத்துவந்த பலம் நின்றுவிடும். காற்று தளர்ந்துவிடும். டிவியில் அதோடு செய்தியை முடித்துவிடுவார்கள். ஆனால் அது சுமந்து வந்த ஈரம் அப்படியே இருக்கிறது. அந்த ஈரக்காற்று மலையில் முட்டி மேலே ஏறும்போது குளிர்ந்து, இருப்பதையெல்லாம் சரிவின்மேல் கொட்டிவிடுகிறது.

நான் கேத்திப் பள்ளத்தாக்கின் ஓரத்தில் இருக்கிறேன். கொஞ்சம் தேயிலை, கொஞ்சம் கேரட். 2009 நவம்பரில் இங்கே ஒரே நாளில் 82 செ.மீ. மழை பதிவானது. மாவட்டம் முழுக்க ஆயிரத்துக்கும் மேற்பட்ட இடங்களில் மண் சரிந்தது. 40 பேருக்கும் மேல் இறந்தார்கள். அந்த வாரம் நீலகிரியை நோக்கி எந்தப் புயலும் வரவில்லை என்பதைக் கவனியுங்கள். அரபிக்கடலில் பியான் புயல் உருவாகிக்கொண்டிருந்தது. அது நவம்பர் 11 அன்று கரையேறியது மகாராஷ்டிரத்தில். நம் மலை வெறும் வழியோரம்தான். வழியோரத்தில் இருந்தவர்களுக்கே அத்தனை சாவு.

22 அக்டோபர்

82 செ.மீ. என்றால் எவ்வளவு என்று திருச்சி அக்கா கேட்டிருக்கிறார். ஆயிரம் சதுர அடிக் கூரை ஒன்றில் மட்டும் விழுவது சுமார் 76,000 லிட்டர். ஐந்து சென்ட் நிலம் அதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். மேலே இருக்கும் சரிவு முழுவதிலும் விழுந்தது உங்கள் நிலத்தின் வழியாகத்தான் கீழே போக வேண்டும் என்றால், கணக்கு நம் கையை மீறிப் போய்விடும்.

22 அக்டோபர், மதியம்

"ஊட்டி 2,200 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, அங்கே வெள்ளம் எப்படி நிற்கும்?" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். ஊர் உட்கார்ந்திருப்பது மலை உச்சியில் இல்லையே, மலைகளுக்கு நடுவிலுள்ள பள்ளத்தில். ஏரி, குதிரைப் பந்தயத் திடல், மார்க்கெட் எல்லாமே தாழ்வான இடம். குன்னூரில் ஆறு பேருந்து நிலையத்தையும் மார்க்கெட்டையும் ஒட்டி ஓடுகிறது, கட்டடங்கள் அதன் கரையை நெருக்கிக்கொண்டு நிற்கின்றன. கடல் மட்டத்திலிருந்து எவ்வளவு உயரம் என்பதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. உங்களுக்கு மேலே எவ்வளவு சரிவு இருக்கிறது, அதன் தண்ணீர் எந்த வழியாக இறங்குகிறது, இந்த இரண்டையும் பாருங்கள்.

25 அக்டோபர்

என் மனைவியின் ஊர் பண்ருட்டிப் பக்கம். இந்த இழையை அவளிடம் படித்துக் காட்டினேன். அவள் சொன்னதை எழுதாவிட்டால் ஒரு பக்கம் மட்டும் பேசியதாகிவிடும்.

தானே 2011 டிசம்பர் 30 காலையில் கரையேறியது. பலாவும் முந்திரியும் ஒரே காலைப்பொழுதில் வேரோடு போயின. அவள் பாட்டி நட்ட பலா மரங்கள் அவை. மறுபடி நட்டு, காய்ப்புக்கு வர எத்தனை வருஷம்! ஆனால் அந்த வீட்டில் ஒரு உயிரும் போகவில்லை. துறைமுகத்தில் கூண்டு ஏற்றியது தெரியும், எத்தனையாம் எண் என்பதும் தெரியும். ரேடியோவில் மணிக்கு மணி சொன்னார்கள். ஓட்டு வீட்டில் இருந்தவர்கள் முந்தின நாளே பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டார்கள். "எங்கள் ஊரில் புயல் வரும் திசை தெரியும், நேரமும் தெரியும். இங்கே ராத்திரி எந்தப் பக்கத்து மண் இறங்கும் என்று யார் சொல்வார்கள்?" என்று கேட்டாள். கல்யாணமாகி இந்த மலைக்கு வந்த நாளாக அவள் மழை இரவுகளில் தூங்கியதில்லை.

மலைக்குக் கூண்டு கிடையாது. வானிலை மையம் மாவட்டத்துக்குச் சிவப்பு எச்சரிக்கை கொடுக்கும். நீலகிரி ஒரே மாதிரியான மாவட்டமா? ஒரு முகட்டுக்கு இந்தப் பக்கம் கொட்டும், அந்தப் பக்கம் தூறும். கூடலூர், பந்தலூர், தேவாலா, அவலாஞ்சி பக்கம் தென்மேற்குப் பருவமழை. குன்னூர், கோத்தகிரி, கேத்தி பக்கம் ஐப்பசி, கார்த்திகை மழை. "நீலகிரியில் எந்த மாதம் ஆபத்து?" என்று கேட்டால் எந்தச் சரிவு என்று திருப்பிக் கேட்கத்தான் வேண்டும்.

28 அக்டோபர்

மலை ரயில் சரிவால் நின்றால் சுற்றுலாச் செய்தியாகப் போடுகிறார்கள். கல்லாறு முதல் குன்னூர் வரை தண்டவாளம் போகும் சரிவில்தான் பர்லியாறு சாலையும் போகிறது. மரப்பாலம் அந்தச் சாலையில்தான் இருக்கிறது. 1993 நவம்பரில் அங்கே இறங்கிய மண் பேருந்துகளையே அடித்துக்கொண்டு போனது. அப்பாவை மருத்துவமனைக்குக் கோவை கொண்டுபோக வேண்டியவர்கள் இதை யோசியுங்கள். ஊட்டியில் இப்போது அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது, அது பெரிய ஆறுதல். இருந்தாலும் வீட்டிலிருந்து பிரதான சாலைக்கு வருவது ஒரே பாதை என்றால், அது மூடினால் என்ன செய்வோம் என்று முன்னாலேயே பேசி வைத்திருக்க வேண்டும்.

30 அக்டோபர்

"எல்லாவற்றுக்கும் ரிசார்ட்டுக்காரர்கள்தான் காரணம்" என்று நான்கு பேர் எழுதிவிட்டீர்கள். பாதி ஒத்துக்கொள்கிறேன்.

சரிவின் அடியை வெட்டினால் மேலே இருப்பதற்குப் பிடிமானம் போய்விடும். இங்கே 7 மீட்டருக்கு மேல் கட்டடம் எழுப்ப அனுமதி இல்லை. அதனால் மேலே போக முடியாதவர்கள் மலையைக் குடைந்து கீழே ஒரு மாடியை இறக்குகிறார்கள். ஜேசிபி வைத்து மண் வெட்ட அனுமதி வாங்க வேண்டும் என்று விதி இருக்கிறது. ராத்திரியில் வெட்டி, காலையில் தார்ப்பாய் போட்டு மூடிவிடுவதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். வெட்டிய மண்ணை லாரியில் ஏற்றிக்கொண்டு போய் எங்கே கொட்டுகிறார்கள்? ஓடை துவங்கும் பள்ளத்தில். என் தோட்டத்துக்கு மேலேயே அப்படிக் கொட்டியிருக்கிறார்கள். மனு கொடுத்து அலைந்ததில் ஒரு ஆள் வந்து படம் எடுத்துக்கொண்டு போனார், அவ்வளவுதான். மண் இன்னும் அங்கேதான் இருக்கிறது. மழை பெய்யும் ஒவ்வொரு ராத்திரியும் அந்த மண் என் தலைமேல் இருப்பதாகவே நினைத்துப் படுக்கிறேன். கோபம் அடங்கவில்லை.

31 அக்டோபர்

நேற்று எழுதியதில் மறுபாதியையும் சொல்லிவிடுகிறேன். ரிசார்ட்டே இல்லாத இடத்திலும் மலை இறங்கும். 2019 ஆகஸ்ட் 8 காலையில் அவலாஞ்சியில் 82 செ.மீ., மறுநாள் காலையில் 91 செ.மீ. இரண்டு நாளில் சென்னையின் ஒரு வருஷ மழையை விட அதிகம். எமரால்டு, அவலாஞ்சி, மேல்பவானி பக்கம் ஆள் நடமாட்டமே இல்லாத சோலையிலும் புல்வெளியிலும் மலை கிழிந்து கிடந்தது. அதே 8-ஆம் தேதி கேரளத்தின் வயநாட்டில் புத்துமலை ஊர் மண்சரிவில் போனது.

காடு இருந்தால் சரியவே சரியாது என்று சொல்வதும் சரியில்லை. சோலையும் புல்வெளியும் தண்ணீரை உறிஞ்சி மெல்ல விடும். சாதாரண மழையிலும் பெருமழையிலும் காப்பாற்றும். 90 செ.மீ. மழைக்கு எதனாலும் ஈடுகொடுக்க முடியாது. அதற்காகக் காட்டை அழித்தால் என்ன என்று யாராவது கிளம்பிவிடாதீர்கள். புல்வெளியில் வெள்ளைக்காரன் காலத்திலிருந்து நட்ட சீகையும் (வாட்டில் மரம்) கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) எங்களுக்கு வேறொரு தொல்லை. சீகைக்கு வேர் ஆழமில்லை. மண் ஊறிவிட்டால் பெரிய காற்றே வேண்டாம், மின்கம்பியோடு சேர்ந்து சாயும்.

4 நவம்பர்

கடலூர் தம்பி தனியாக எழுதிக் கேட்டிருக்கிறார்: "வரவேண்டாம் என்கிறீர்களா?" அப்படிச் சொல்ல மாட்டேன். எனக்கு இந்த மலையை விட்டால் வேறு ஊர் கிடையாது. நாங்கள் தலைமுறையாக இருக்கிறோம். எங்கள் பெரியவர்கள் ஹட்டி, அதாவது ஊர், அமைத்த இடங்களைப் பாருங்கள், சரிவு தணிந்த மேட்டில் வரிசையாக வீடுகள், ஓடை தள்ளி இருக்கும். பிளாட் போட்டு விற்பது இப்போது அவர்கள் விட்டு வைத்த இடங்களைத்தான்.

இடம் பார்க்க மே மாதம் வராதீர்கள். சீசனில் எல்லா இடமும் அழகு. மழைக்குள் வாருங்கள், குடை பிடித்துக்கொண்டு நிலத்தில் நில்லுங்கள். தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்று பாருங்கள். மழை விட்டு நாளாகியும் ஒரு மூலை நசநசவென்றிருந்தால் அங்கே ஊற்று இருக்கிறது. "கிணறே வேண்டாம் சார், தண்ணீர் வசதி" என்று தரகர் அதைக் காட்டியே விலை ஏற்றுவார். வீட்டுக்கு அடியில் ஊற்று ஓடுவது வசதியில்லை.

நில அளவை வரைபடத்தில் ஓடை புறம்போக்கு எங்கே போகிறது என்று கேட்டு வாங்குங்கள். மின்கம்பங்களும் மரங்களும் ஒரே பக்கம் சாய்ந்திருக்கின்றனவா, பக்கத்து வீட்டுச் சுவரில் குறுக்கே விரிசல் ஓடுகிறதா என்று பாருங்கள். மேல் கூடலூர் கோக்காலில் 2024 மழையில் வீடுகள் விரிந்து, தரை இறங்கி, ஆட்கள் வெளியேற வேண்டியதாயிற்று. அங்கே ஒரு பாறையும் உருண்டு வரவில்லை. மண் மெதுவாக நகர்ந்தது, அவ்வளவுதான். அதையும் கணக்கில் வைக்க வேண்டும்.

தடுப்புச்சுவர் கட்டினால் போதும் என்று மேஸ்திரி சொல்வார். சுவருக்குப் பின்னால் ஜல்லி நிரப்பி, தண்ணீர் வெளியேறக் குழாய்த் துளை வைத்தாரா என்று பக்கத்திலேயே நின்று பாருங்கள். துளையில்லாத சுவர் பின்னால் தண்ணீரைத் தேக்கி வைக்கும். ஊறிய மண்ணின் எடையும் நீரின் அழுத்தமும் சேர்ந்து தள்ளும்போது சுவரே முதலில் வந்து வீட்டின்மேல் விழும். கழிவுநீர் உறிஞ்சுகுழியை வீட்டுக்கு மேல் சரிவில் தோண்டாதீர்கள், கூரைத் தண்ணீரைக் கண்ட இடத்தில் விடாமல் குழாய் போட்டு ஓடை வரை கொண்டு சேருங்கள்.

4 நவம்பர், இரவு

ஒன்று விட்டுப்போனது. இதுதான் முக்கியம். மழை கொட்டிக்கொண்டிருக்கும்போது ஓடையில் தண்ணீர் திடீரென்று குறைந்தால் நிம்மதி என்று நினைக்காதீர்கள். மேலே எங்கோ மண்ணோ மரமோ அடைத்துக்கொண்டிருக்கிறது. உடைத்துக்கொண்டு மொத்தமாக வரும். தெளிவான ஊற்று கலங்குவதும், நேற்றுவரை சாத்திய கதவு இன்று சாத்தாமல் முட்டுவதும் அப்படித்தான். அந்த நேரத்தில் சாமான் எடுக்க உள்ளே போகக்கூடாது.

9 நவம்பர்

மகன் அமெரிக்காவில் இருக்கும் ஈரோட்டுக்காரர் ஒருவர், "வளர்ந்த நாட்டில் இப்படியெல்லாம் நடக்காது" என்கிறார். அங்கேயும் நடந்தது ஐயா, போன வருஷம்தான். ஹெலீன் சூறாவளி 2024 செப்டம்பர் 26 இரவு புளோரிடாவில் கரையேறியது. வட கரோலினா மேற்கு மலையில் ஆஷ்வில் என்று ஓர் ஊர், கடலிலிருந்து பல நூறு கிலோமீட்டர் உள்ளே. கடற்கரைப் புயலுக்கும் வெயிலுக்கும் பயந்தவர்கள் வீடு வாங்கிக் குடியேறும் ஊர் அது. பருவநிலை மாறினாலும் பாதுகாப்பான இடம் என்று பேரெடுத்திருந்தது.

ஹெலீன் வருவதற்கு முன்பே அங்கே நல்ல மழை, மண் ஊறியிருந்தது. அதன்மேல் புயல் மழை. மலையில் ஓரிடத்தில் மூன்று நாளில் 78 செ.மீ. அளவுக்குப் பதிவானது. ஆறுகள் 1916 வெள்ளத்தின் அளவையும் தாண்டின. அந்த மாநிலத்தில் மட்டும் 100 பேருக்கும் மேல் இறந்தார்கள். நெடுஞ்சாலை ஆற்றோடு போனது. ஆஷ்வில்லில் குழாய்த் தண்ணீர் மறுபடி குடிக்கத் தக்கதாக 53 நாள் ஆனது. செல்போன் செத்தபோது ஹாம் ரேடியோ வைத்திருந்தவர்கள்தான் எந்தச் சாலை திறந்திருக்கிறது, யாருக்கு மருந்து வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். வெள்ளக் காப்பீடு மலையில் எதற்கு என்று மிகச் சிலரே எடுத்திருந்தார்கள்.

இதைப் படித்தபோது எனக்குக் கேத்தி ஞாபகம்தான் வந்தது. 2009-லும் முதல் நாள் மழையில் மண் ஊறிக்கிடந்தது. உயிரை எடுத்தது அதற்கப்புறம் பெய்தது. ஊறிய மண்ணில் எவ்வளவு பெய்கிறது என்பதே எங்களுக்குக் கூண்டு எண்.

15 நவம்பர்

கொடைக்கானல் பண்ணைக்காட்டிலிருந்து ஓர் அண்ணன், காற்றையும் குறைத்துப் பேசாதே என்று எழுதியிருக்கிறார். நியாயம். கஜா 2018 நவம்பர் 16 அதிகாலை நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறி, திண்டுக்கல் வழியாக மேற்கே போனது. பழனி மலை அதன் பாதையிலேயே இருந்தது. மரம் விழுந்து மலைப்பாதைகள் அடைபட்டன, மின்சாரம் போனது, காப்பிக்கு நிழல் தந்த மரங்கள் காப்பிச் செடிமேலேயே சாய்ந்தன என்கிறார். அங்கே வெள்ளகவி, சின்னூர் மாதிரி சாலையே எட்டாத ஊர்கள் இருக்கின்றன. ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டால் உடம்பு முடியாதவர்களை டோலி கட்டித் தூக்கிவரவும் வழியில்லை. புயலுக்குப் பிறகு முதல் வண்டி கொடைக்கானல் ஏரிக்குப் போகிறது, அந்த ஊர்களுக்குக் கடைசியாக ஆள் போகிறது. இது மாற வேண்டும்.

கொடைக்குப் போகலாமா, ஊட்டிக்குப் போகலாமா என்று கேட்பவர்களுக்கு: தெற்கே இருப்பதால் கஜா போன்றவை பழனி மலைக்கு நேராக வர வாய்ப்பு அதிகம். இதற்குமேல் தெரிந்த மாதிரி பேச மாட்டேன்.

29 நவம்பர்

இரண்டு நாளாக இங்கே எழுத மனம் வரவில்லை. டித்வா புயல் இலங்கையின் மலையகத்தைப் புரட்டிப் போட்டிருக்கிறது. பதுளை, நுவரெலியா, கண்டி.

எங்கள் பக்கத்து டேன்டீ (அரசுத் தேயிலைத் தோட்டக் கழகம்) குடியிருப்பில் இருப்பவர்கள் எல்லாம் அங்கிருந்து வந்தவர்கள். 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தால் கப்பலேறி வந்தவர்களுக்காகவே இந்தத் தோட்டங்களைப் போட்டார்கள். எனக்குத் தெரிந்த பாட்டி ஒருவருக்குத் தங்கை குடும்பம் பதுளையில். போன் போகவில்லை. பேரன் மாற்றி மாற்றி அழுத்திக்கொண்டே இருக்கிறான். யாருக்காவது பதுளைப் பக்கம் தொடர்பு இருந்தால் தயவு செய்து எழுதுங்கள்.

2 டிசம்பர்

பாட்டியின் தங்கை உயிரோடு இருக்கிறார். லயத்தின் (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடு) பின்பக்கம் மண் வந்து நின்றிருக்கிறது, எல்லோரும் கோயில் மண்டபத்தில் இருக்கிறார்கள். விசாரித்தவர்களுக்கு நன்றி.

10 டிசம்பர்

இலங்கையில் சாவு 600-ஐத் தாண்டிவிட்டது. பெரும்பகுதி மலை மாவட்டங்களில், மண் சரிவில். புயல் தரை தொட்டது கிழக்குக் கரையில்.

போன வருஷம் ஃபெஞ்சலும் இப்படித்தான். நவம்பர் 30 புதுச்சேரி அருகே கரையேறியது. கடலை விட்டு வெகு தூரத்தில் இருக்கும் ஊத்தங்கரையில் 50 செ.மீ. மழை. டிசம்பர் 1 அன்று திருவண்ணாமலையில் மலைச்சரிவு வீட்டின்மேல் இறங்கி ஏழு பேர் இறந்தார்கள், அதில் குழந்தைகளும் இருந்தார்கள். புயல் கரையேறி முடிந்ததாகச் செய்தி சொன்ன மறுநாள். கரையில் அபாயம் முடியும் நேரத்தில் மலையடியில் அது தொடங்குகிறது. அந்த மறுநாளையும் அதற்கு அடுத்த நாளையும் சேர்த்து எச்சரிக்கை கொடுங்கள், மலையடிவாரத் தெருக்களில் ஒலிபெருக்கி வைத்துச் சொல்லுங்கள் என்று அதிகாரிகளிடம் கேட்க நமக்கு உரிமை இருக்கிறது. லயத்திலும் லைன் வீட்டிலும் இருப்பவர்கள் இடம் பார்த்து வாங்கிக் குடியேறியவர்கள் இல்லை. தோட்டம் எங்கே கட்டிக் கொடுத்ததோ அங்கே இருக்கிறார்கள். மேலே நான் எழுதிய "இடம் எப்படிப் பார்ப்பது" என்ற புத்திமதி எதுவும் அவர்களுக்குப் பயன்படாது. அவர்களுக்கு வேண்டியது வேறிடத்தில் வீடு.

11 டிசம்பர்

காப்பீடு பற்றி: வீட்டுக் காப்பீட்டில் நிலச்சரிவும் வெள்ளமும் சேர்ந்திருக்கிறதா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வாய் வார்த்தை வேண்டாம்.

14 டிசம்பர்

மழையை வீட்டிலேயே அளக்க முடியுமா என்று கேட்டவருக்கு: முடியும். வாயும் அடியும் ஒரே அகலமுள்ள பாத்திரம், உள்ளே ஒரு ஸ்கேல், கூரைக்கும் மரத்துக்கும் தள்ளித் திறந்த இடம். தினமும் காலை 8.30-க்குப் பார்த்துவிட்டுக் கொட்டிவிடுங்கள், வானிலை மையத்தின் கணக்கும் அந்த நேரம்தான். கொட்டும் இரவில் மணிக்கொரு தரம் டார்ச் அடித்துப் பாருங்கள். முந்தைய இரண்டு மூன்று நாள் அளவையும் சேர்த்து எழுதி வையுங்கள்.

கேத்திக்கு நான் போடுகிறேன். எமரால்டு, மஞ்சூர், கோத்தகிரி, தேவாலா பக்கம் யார் அளக்கிறீர்கள்? பண்ணைக்காட்டு அண்ணன் தாண்டிக்குடிக்கும் ஆள் பிடித்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். ஊர் பெயரையும் அளவையும் மட்டும் போடுங்கள், வணக்கமெல்லாம் வேண்டாம்.